காத்தாடி நம்ம ஊரில். கணக்கு மேசை யாரிடம்?

ஆனி, ஆடி மாதங்களில் பணகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வரவேற்பது காற்றுதான். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நுழைகிற தென்மேற்குப் பருவக்காற்று ஆளையே தள்ளும். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைகள். ஊர்க்காரர்கள் வாயில் அது ‘காத்தாடி’.

அப்படி ஒரு காத்தாடியின் அடியில் 18 ஆண்டுகளாகக் காவல் காத்து வருபவரின் வீட்டுக்குத்தான் நாம் போயிருந்தோம். ஒப்பந்தக்காரர் மூலம் கிடைத்த வேலை. மாதம் 9,500 ரூபாய். மனைவிக்கு நூறு நாள் வேலை. மகள் நெல்லையில் மின்னியல் பொறியியல் படித்து முடித்தவர். அந்தத் தெருவில் முதல் பெண் பொறியாளர்.

அந்த மகள் நமக்கு எழுதியிருந்த கடிதம்தான் நம்மை அங்கே இழுத்துப் போனது. ‘நீங்க டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வு, ஆசிரியர் தேர்வு பத்தியே எழுதுறீங்க. நம்ம ஊரைச் சுத்தி சோலாரும் காத்தாடியுமா நிக்குது. அந்தக் கம்பெனிகள்ல மேசை வேலைக்கு எப்படி விண்ணப்பிக்கிறதுன்னு யாரும் எழுதுறதில்லை. நான் பட்டதை எழுதுங்க. என் பேரு வேண்டாம்’ என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படித்ததும் நமக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதான். இந்தப் பகுதியில் நாம் அதை எழுதியதே இல்லை.

அவர் விண்ணப்பித்தது ‘ப்ராஜெக்ட் அனலிஸ்ட்’ என்ற வேலைக்கு. தமிழில் திட்டப் பகுப்பாய்வாளர் என்று சொல்லலாம். ஓர் ஆண்டில் 37 விண்ணப்பங்கள். மூன்றே மூன்று நேர்காணல்கள். அந்தக் கதையைச் சொல்லும் முன், அது என்ன வேலை என்று பார்த்துவிடுவோம்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது?

ஒரு நிறுவனம் ஓர் ஊரில் சூரிய மின் நிலையம் வைக்க நினைக்கிறது. அங்கே வெயில் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும், நிலம் யாருடையது, துணை மின்நிலையம் எவ்வளவு தூரம், செலவு என்ன, வங்கிக் கடனை எத்தனை ஆண்டில் அடைக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டு, ‘செய்யலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று அறிக்கை கொடுப்பவர்தான் திட்டப் பகுப்பாய்வாளர்.

கேட்க மலைப்பாக இருக்கும். அந்தப் பெண் ஒரு பழைய நோட்டைத் திறந்து ஐந்து நிமிடத்தில் நமக்குப் புரிய வைத்தார். ஒரு மெகாவாட் என்பது 1,000 கிலோவாட். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இரவிலும் மேகத்திலும் வெயில் இல்லை. அதனால் முழுத் திறனில் சுமார் 19 சதவீதம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் பெருக்கினால் ஆண்டுக்கு 16 லட்சத்து 64 ஆயிரம் யூனிட். யூனிட்டுக்கு 2 ரூபாய் 50 காசு என்றால் வருமானம் சுமார் 41 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். பராமரிப்புச் செலவு 5 லட்சத்து 60 ஆயிரம் என்று வைத்துக் கழித்தால் கையில் 36 லட்சம். வங்கிக்கு ஆண்டுத் தவணை 30 லட்சம் என்றால், 36-ஐ 30-ஆல் வகுக்க 1.2 வருகிறது. ஒன்றுக்குக் கீழே போனால் தவணை கட்டக் காசு இல்லை என்று அர்த்தம். ஒன்றுக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வங்கிக்குத் தைரியம்.

“இவ்வளவுதான் அண்ணே அடிப்படை. இதையே 25 வருஷத்துக்கு எக்செல்ல போடணும். பேனல் வருஷா வருஷம் கொஞ்சம் தேயும், வட்டி மாறும், மின்வாரியம் பணம் தர்றது தள்ளிப்போகும். எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பாக்கணும். பிளஸ் டூவுல கணக்கு ஒழுங்காப் படிச்சவங்களுக்கு இது முடியாத வேலை இல்ல” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்தார். “போன மாசம் என் காத்தாடிக்கும் ஒரு கணக்குப் போட்டுச் சொன்னா. 850 கிலோவாட் காத்தாடியாம். வருஷத்துக்கு 18 லட்சம் யூனிட்டுக்கு மேல எடுக்கலாமாம். யூனிட்டு மூணு ரூவான்னு வச்சாலே 55 லட்சமாம். பதினெட்டு வருஷமா அது அடியிலதான் உக்காந்திருக்கேன். அது எவ்வளவு சம்பாதிக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.”

நிலம் இங்கே, மேசை அங்கே

தமிழகத்தில் அரசு சார்பில் முதல் காற்றாலைகள் நிறுவப்பட்டது 1986-ல், தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில். இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். முப்பந்தல் பகுதி உலக அளவில் பேசப்படும் காற்றாலைப் பகுதிகளில் ஒன்று. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின்திறனை 500 கிகாவாட்டாக உயர்த்துவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. ஆக, இந்தத் துறை இன்னும் வளரத்தான் போகிறது.

வளர்ச்சியில் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன? நாம் போன ஊர்களில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறோம். காவல் வேலை, புல் வெட்டுகிற வேலை, பேனல் கழுவுகிற வேலை, குழி தோண்டுகிற வேலை. எல்லாம் ஒப்பந்தக்காரர் மூலம். ஐ.டி.ஐ. படித்த சிலர் டெக்னீஷியனாக இருக்கிறார்கள். அது கௌரவமான வேலை, அதில் குறை இல்லை. ஆனால் எந்த ஊரில் எந்த நிலத்தை எடுப்பது, யாருக்கு எவ்வளவு குத்தகை, எத்தனை பேருக்கு வேலை என்று எழுதுகிற மேசை சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. அங்கே நம் தெருக்களில் இருந்து போனவர்களை நாம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த மேசையில் நம்மவர் ஒருவர் இருந்தால் என்ன மாறும் என்று கேட்கலாம். அதற்கான பதில் இந்தப் பெண்ணின் மூன்றாவது நேர்காணலில் இருக்கிறது. முதல் இரண்டையும் பார்த்துவிட்டு அங்கே வருவோம்.

“ஊர்ல எந்தப் பக்கம்?”

முதல் 20 விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. பிறகுதான் காரணம் ஒன்று பிடிபட்டது. கல்லூரி விழாவில் பாடிய பாட்டு, பள்ளியில் வாங்கிய கோப்பை எல்லாம் தன்விவரக் குறிப்பில் இருந்தன. வேலைக்கு வேண்டிய கணக்கு ஒன்றுகூட இல்லை. “யாரும் சொல்லித் தரல அண்ணே. கூடப் படிச்ச சிலருக்கு அண்ணன், மாமா யாராவது கம்பெனியில இருக்காங்க. அவங்க திருத்திக் கொடுப்பாங்க. எனக்கு நெட் சென்டர்காரர்தான் திருத்தினார்.”

திருத்திய பிறகு முதல் அழைப்பு வந்தது. காணொலி நேர்காணல். தொழில்நுட்பக் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னார். கடைசியில் மனிதவள அதிகாரி தமிழுக்கு மாறினார்.

“சொந்த ஊர் எது?”

“பணகுடி, சார்.”

“அட, அந்தப் பக்கம் நமக்கும் சொந்தக்காரங்க உண்டு. பணகுடியில எந்தப் பக்கம்?”

“ஊருக்குக் கொஞ்சம் வெளிய, சார்.”

“ஓ... அப்பா என்ன பண்றார்?”

“காற்றாலையில செக்யூரிட்டி.”

“சரிம்மா. சொல்லி அனுப்புறோம்.”

சொல்லி அனுப்பவே இல்லை.

அந்த நிறுவனம் சாதிக்காகத்தான் ஒதுக்கியது என்று நாம் எழுதப் போவதில்லை. அவரைவிடத் தகுதியான ஒருவர் கிடைத்திருக்கலாம். நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இல்லை, அவரிடமும் இல்லை. “சாதி என்னன்னு வாயால கேட்டாத்தான் கேட்டதா அண்ணே?” என்று மட்டும் அவர் கேட்டார்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானம் தொடங்கி வந்த நல்ல வழக்கம் அது. ஆனால் பெயரில் இல்லாததை முகவரியில் தேடுகிறார்கள். தெருப் பெயர், ‘காலனி’ என்ற சொல், அப்பாவின் தொழில், ஊரில் எந்தத் திசை. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தது சும்மா இல்லை.

இது நம் மனப்பிரமை அல்ல என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியர் பால் அட்டெவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் முக்கியமானது. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் சமமானவை. பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33.

அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமேனும் டெல்லிப் பகுதியில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். திறமை ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’யை நேர்காணலில் கேட்பதை இயல்பான விஷயமாகச் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, எந்த ஊர், வீட்டில் யார் படித்தவர்கள் என்ற கேள்விகள் மேலோட்டமாகப் பார்த்தால் அன்பான விசாரிப்பு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது வடிகட்டி.

தன் குறையும் தெரிந்தது

இரண்டாவது நேர்காணல் வேறு மாதிரி. ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. ஒரு எக்செல் கோப்பைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் கடன் திருப்பும் விகிதத்தைக் கணக்கிடச் சொன்னார்கள். அவருக்கு அப்போது அது தெரியாது. “அது முழுக்க என் குறைதான். அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்” என்கிறார்.

இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒதுக்குதல் இருக்கிறது என்பதற்காக, தயாரிப்பின் குறையை மறைக்கக் கூடாது. அந்தப் பெண் மறைக்கவில்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு வாரம் மூன்று நாள் போனார். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்த்தார். இரவல் லேப்டாப்பில் எக்செல் பழகினார். இரண்டு மாதத்தில் மேலே சொன்ன நோட்டு நிரம்பியது.

மூன்றாவது நேர்காணலும் ஒரு சர்வே எண்ணும்

மூன்றாவது நிறுவனம் அவரிடம் ஒரு பயிற்சிக் கணக்கைக் கொடுத்தது. தென் மாவட்டம் ஒன்றில் 10 மெகாவாட் சூரிய மின் நிலையம். தேவை சுமார் 45 ஏக்கர். நிலத்தின் சர்வே எண்கள், கிராமப் பதிவேட்டு நகல்கள் தரப்பட்டிருந்தன. மூன்று நாளில் அறிக்கை எழுத வேண்டும்.

மற்றவர்கள் வெயிலையும் வட்டியையும் கணக்கிட்டிருப்பார்கள். இவர் அதையும் செய்துவிட்டு, பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். இரண்டு சர்வே எண்களுக்கு நேரே மங்கலாக ‘டி.சி.’ என்று இருந்தது.

அது என்ன என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம். பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 முதல் நிலமற்ற ஆதிதிராவிட மக்களுக்கு அரசு வழங்கியது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும். மீறினால் அந்த விற்பனை செல்லாது. அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-ல், மாமல்லபுரம் அருகே உள்ள காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர்கள் போயின.

அந்தப் பெண்ணுக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. தாத்தாவின் மூன்று ஏக்கர் எப்படிப் போனது என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதினார்: இந்த இரண்டு எண்களும் நிபந்தனை ஒப்படை நிலமாக இருக்க வாய்ப்பு உண்டு, நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்க்க வேண்டும், உறுதியானால் இந்த நிலத்தைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பத்திரம் செல்லாமல் போகும், வங்கிக் கடனும் சிக்கும்.

நேர்காணல் குழுவில் மூன்று பேர். அதில் ஒருவருக்கும் பஞ்சமி நிலம் என்றால் என்னவென்று முழுதாகத் தெரியவில்லை. பத்து நிமிடம் இவர்தான் விளக்கினார். “மூணு பேரும் குறிப்பு எடுத்தாங்க அண்ணே. அந்தப் பத்து நிமிஷம் நான் பேட்டி கொடுக்குற மாதிரி இல்ல, பாடம் எடுக்குற மாதிரி இருந்துச்சு.”

நம் மேசை கேள்விக்கு இதுதான் பதில். அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்து நிற்கத் தெரிந்த கண்ணும், நின்றதை அறிக்கையில் எழுதும் துணிவும் அந்த நாற்காலிக்கு வேண்டும். இல்லாவிட்டால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, ‘பிரச்சினை இல்லாத நிலம்’ என்று எழுதிவிடுவார்கள். நிறுவனத்துக்கும் அதில் லாபம் இல்லை, நஷ்டம்தான்.

வேலை கிடைத்ததா?

கிடைத்தது. ஆனால் விண்ணப்பித்த பதவி அல்ல. ஆறு மாத ஒப்பந்தத்தில் பயிற்சிப் பகுப்பாய்வாளர். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார்கள். உடன் தேர்வான இன்னொருவருக்கு நேரடியாக நிரந்தரப் பதவி. காரணம் கேட்டபோது, அவருக்கு ஏற்கெனவே ஆறு மாத அனுபவம் உண்டு என்று பதில் வந்தது. அந்த அனுபவம் ஒரு பெருநகரத்தில் சம்பளம் இல்லாத பயிற்சி. ஆறு மாதம் சம்பளம் வாங்காமல் சென்னையில் தங்கிப் பழக, காவலாளி மகளால் முடியுமா? இதுவும் ஒரு வடிகட்டிதான். யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, ஆனாலும் வடிகட்டுகிறது.

அவர் சேர்வதாக எழுதிக் கொடுத்துவிட்டார். சென்னையில் பெண்கள் விடுதியில் இடம் பார்த்தாகிவிட்டது. முன்பணத்துக்கு அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்திருக்கிறார்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

அந்தப் பெண் சொன்னதையும், துறையில் இருக்கும் சிலர் நம்மிடம் சொன்னதையும் சேர்த்துத் தருகிறோம்.

பொறியியல் மட்டும்தான் என்று இல்லை. பொருளியல், வணிகவியல், புள்ளியியல், சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக எக்செல் கைவசம் இருக்க வேண்டும். மின்னியல் படித்தவர்கள் சூரிய மின் உற்பத்தியைக் கணிக்கும் பிவிசிஸ்ட் மென்பொருளையும், மற்றவர்கள் வரைபடத்துக்கான இலவச மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ்.-ஐயும் பழகலாம். கல்லூரியில் இருக்கும்போதே நான் முதல்வன் திட்டத்தில் உள்ள பாடங்களை விசாரியுங்கள். படித்து முடித்தவர்கள் தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் திறன் பயிற்சிகள் பற்றிக் கேளுங்கள்.

தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். செய்து பார்த்த ஒரு திட்டக் கணக்கை அதில் முதலில் வையுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மாடியில் 10 கிலோவாட் சோலார் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்ட நான்கு பக்க அறிக்கை, பத்துச் சான்றிதழுக்குச் சமம். முகவரியாக மாவட்டமும் தொலைபேசி எண்ணும் போதும். அப்பா பெயர், மதம், தெருப் பெயர் எதுவும் தனியார் விண்ணப்பத்துக்குத் தேவையில்லை. மறைப்பதற்காகச் சொல்லவில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாததை நாமே ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

“ஊரில் எந்தப் பக்கம்” என்று கேட்டால் தடுமாற வேண்டாம். உண்மையைச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே வேலைக்குத் திரும்புங்கள். “எங்க தெருவுல இருந்து பாத்தா 40 காற்றாலை தெரியும் சார். எந்த மாசம் எது நிக்கும்னு சின்ன வயசுல இருந்தே பாத்திருக்கேன்” என்று மூன்றாவது நேர்காணலில் இவர் சொன்னாராம்.

நிலப் பதிவேடுகளைப் படிக்கப் பழகுங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு விவரங்களைத் தமிழக அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வில்லங்க விவரம் பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு இதில் இயல்பாகவே ஒரு பிடி உண்டு. வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள்.

தனியாரோடு நிற்க வேண்டாம். மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மேம்பாட்டு முகமை, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் ஆகியவை ஆள் எடுக்கும்போது விளம்பரங்களைக் கவனியுங்கள். மத்திய அரசுப் பணிகளில் அகில இந்திய நேரடித் தேர்வுக்குப் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு. சாதிச் சான்றை மத்திய அரசுப் படிவத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க வேண்டாம். கிறிஸ்தவர்களாக உள்ள நம் சகோதரர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடைப்பதில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது.

வேலைக்கு முன்பணம் கேட்டால் அது வேலையே இல்லை. காவல் நிலையத்துக்குப் போங்கள்.

அரசிடமும் நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி

தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றி 2004 முதல் பேச்சு நடக்கிறது. தொழில் கூட்டமைப்புகள் தாங்களாகவே நடத்தை நெறிகளை வகுத்துக்கொண்டன. சட்டம் வரவில்லை. வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. காற்றாலைக்கும் சோலாருக்கும் அரசு அனுமதி கொடுக்கிறது, மின்தடத்தில் இணைப்புக் கொடுக்கிறது, மின்சாரத்தை வாங்குகிறது. அப்படிக் கொடுக்கும்போது, ‘உங்கள் அலுவலகத்தில், காவல் வேலையையும் கழுவும் வேலையையும் விட்டு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்’ என்று ஒரு கேள்வி கேட்கலாமே. எண்ணிக்கையை வெளியிடச் சொல்லலாமே. திட்டம் அமையும் மாவட்டத்துப் பட்டதாரிகளுக்குச் சம்பளத்தோடு ஆறு மாதப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாமே. இதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை.

நாம் கிளம்பும்போது மாலை ஆகிவிட்டது. அப்பா இரவு வேலைக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சைக்கிளோடு நின்றார். மகள் சென்னைக்குப் போவதில் பயம் இல்லையா என்று கேட்டோம்.

“பயம் இருக்கு. ஆனா போகட்டும். என்னைய மாதிரி கீழயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்க வேண்டாம்” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “ஏட்டி, அந்தக் கணக்கு நோட்டை இங்க வச்சிட்டுப் போ. அடுத்த தெருப் பிள்ளை ஒண்ணு கேட்டுச்சு” என்றார்.

நோட்டு அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ப் படிப்பகங்கள் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு நகல் இருந்தால் நல்லது.